உலகம் செய்யப்பட்டதா, பிறந்ததா? ஜப்பானிய, எபிரேயப் படைப்புக் கதைகளை ஒப்பிடுவது எப்படி

"இஸநாகியும் இஸநாமியும் ஜப்பானின் ஆதாம் ஏவாள்." புராண ஒப்பீடு பற்றிய உரையாடல்களில் இந்த வரி அடிக்கடி வரும். பார்த்தவுடன் பொருத்தமாகத் தெரியும்: ஓர் ஆண், ஒரு பெண், பெண்ணால் நேரும் ஒரு பிழை, பின்னால் மரணம். ஆனால் இந்த வரி தவறு. இஸநாகியும் இஸநாமியும் மனிதர்களே அல்லர். அவர்கள் தெய்வங்கள், அதுவும் முதல் தெய்வங்கள் அல்லர், பல தலைமுறைகளுக்குப் பின் வந்தவர்கள். அவர்களுக்குப் பிறந்தவை ஜப்பானின் தீவுகள். ஆதாமும் ஏவாளும் எதையும் படைக்கவில்லை, அவர்களே படைக்கப்பட்டவர்கள்.

இத்தகைய தவறு நேர்வதற்குக் காரணம், கதையின் உறுப்புகளை மட்டும் ஒப்பிடுவது. தண்ணீர், இருள், தம்பதி, தடை, சாவு என்று பட்டியலிட்டால் உலகின் எந்த இரண்டு படைப்புக் கதைகளும் ஒத்துப்போகும். பார்க்க வேண்டியது கதை எப்படி இயங்குகிறது என்பதை. யார் செயல்படுகிறார், எதைக் கொண்டு, என்ன செய்கிறார், அதனால் எது நிலைநாட்டப்படுகிறது? அந்த வழியில் இரண்டையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த நூல், எந்தக் காலம்

"ஜப்பானியப் புராணம்" என்று ஒற்றை நூல் கிடையாது. அடிப்படை நூல்கள் இரண்டு. முதலாவது கோஜிகி. ஹியெதா நோ அரே என்பவர் மனப்பாடமாக வைத்திருந்த பழைய மரபுகளை ஓ நோ யசுமாரோ என்ற அரசவை அதிகாரி எழுத்தில் தொகுத்து, கி.பி. 712இல் பேரரசி கென்மெய்யிடம் அளித்தார். மூன்று பாகங்கள். முதல் பாகம் முழுவதும் தெய்வங்களின் காலம். மற்ற இரண்டும் முதல் பேரரசர் ஜிம்முவில் தொடங்கிப் பேரரசி சுய்கோ வரையிலான அரச மரபு. இரண்டாவது நூல் நிஹோன் ஷோகி. 720இல் முடிந்தது, 30 பாகங்கள். இது செவ்வியல் சீன மொழியில், சீன அரச வரலாறுகளின் பாணியில் எழுதப்பட்டது.

எபிரேயப் பக்கம் நமக்கு ஆதியாகமம் என்றும் தொடக்கநூல் என்றும் தெரிந்த நூலின் முதல் மூன்று அதிகாரங்கள். இதில் இரண்டு படைப்புக் கதைகள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் கதை 1:1இல் தொடங்கி 2:4இன் நடுவில் முடிகிறது. இரண்டாவது அங்கிருந்து மூன்றாம் அதிகாரத்தின் இறுதிவரை செல்கிறது. முதல் கதையில் செடி, விலங்கு, பிறகு ஆணும் பெண்ணுமாக மனிதர் என்பது வரிசை. இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகு மரங்கள், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். கடவுளின் பெயர்கூட மாறுகிறது: முதலாவதில் 'எலோஹிம்' மட்டும்; இரண்டாவதில் அதனுடன் யாவே என்ற தனிப்பெயரும் சேர்கிறது. முதல் கதையை எழுதியவர்கள் குருமார் மரபினர் என்றும், அது பாபிலோனிய நாடுகடத்தலை (யூதாவின் மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை) ஒட்டிய கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். இரண்டாவதன் காலம் பற்றி இன்னும் விவாதம் உண்டு.

ஆக இரண்டு மரபுகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உள்ளன. அவற்றைக் கையாண்ட விதம்தான் வேறு. ஆதியாகமத்தைத் தொகுத்தவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரே கதை போலத் தைத்துவிட்டார்கள். நிஹோன் ஷோகியோ, ஒரு முதன்மை வடிவத்தைச் சொல்லிவிட்டு, "ஒரு ஏட்டில் இவ்வாறு உள்ளது" என்று மாற்று வடிவங்களை வரிசையாக அடுக்குகிறது. தெய்வங்களின் பிறப்பைச் சொல்லும் ஒரு பகுதிக்கு மட்டும் இப்படி 11 மாற்று வடிவங்கள் உள்ளன. இதை மறந்து "ஜப்பானியர் நம்புவது இதுதான்" என்று ஒரு வடிவத்தை மட்டும் எடுத்துக்காட்டும்போது பாதிப் பிழை அங்கேயே நடந்துவிடுகிறது.

கட்டிய வீடும் பெருகிய குடும்பமும்

"இந்த வீடு எப்படி வந்தது?" என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். கொத்தனார் அஸ்திவாரம் போட்டார், சுவர் எழுப்பினார், அறைகளைப் பிரித்தார், வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது ஒரு பதில். கொள்ளுப்பாட்டன் வந்தார், அவருக்கு இத்தனை பிள்ளைகள், அவர்களில் இன்னாரின் வழியில் வந்தவர்கள்தான் இப்போது இங்கே இருப்பவர்கள் என்பது இன்னொரு பதில். முதல் பதிலில் கட்டியவர் வேறு, வீடு வேறு. இரண்டாவதில் முன்னோரும் இன்றுள்ளவர்களும் ஒரே இரத்தம்.

எபிரேயக் கதை பெரும்பாலும் முதல் வகை. ஜப்பானியக் கதை பெரும்பாலும் இரண்டாம் வகை. ஜப்பானியச் சிந்தனை வரலாற்றாசிரியர் மருயாமா மசாவோ 1972இல் இந்த வேறுபாட்டை மூன்று வினைகளாகப் பிரித்துக் காட்டினார்: செய்தல், பெறுதல், ஆதல். ஒருவர் ஒன்றைச் செய்கிறார். ஒருவர் ஒன்றைப் பெற்றெடுக்கிறார். ஒன்று தானாக உருவாகிறது. ஒரு படைப்புக் கதையில் இந்த மூன்றில் எது ஓங்கி நிற்கிறது என்று பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

எபிரேயக் கதை: சொல், பிரிப்பு, பெயர்

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுளுக்குப் பெற்றோர் இல்லை, துணைவி இல்லை, பிறப்பு இல்லை. அவர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் எப்படி வந்தார் என்ற கேள்வியை நூல் எழுப்பவே இல்லை. பண்டைய மேற்காசியக் கதைகளின் நடுவே இது வியக்கத்தக்க மௌனம்.

முதல் மூன்று நாட்களில் நடப்பது பெரும்பாலும் பிரித்தல். ஒளியும் இருளும் பிரிகின்றன. மேல் நீரும் கீழ் நீரும் ஆகாயவிரிவால் பிரிகின்றன. கடலும் தரையும் பிரிகின்றன. பிரித்தவற்றுக்குப் பகல், இரவு, வானம், பூமி, சமுத்திரம் என்று பெயர் வைக்கப்படுகிறது. அடுத்த மூன்று நாட்களில் அந்த இடங்கள் நிரப்பப்படுகின்றன. 1ஆம் நாளின் ஒளிக்கு 4ஆம் நாளின் சுடர்கள். 2ஆம் நாளின் வானுக்கும் நீருக்கும் 5ஆம் நாளின் பறவைகளும் மீன்களும். 3ஆம் நாளின் தரைக்கு 6ஆம் நாளின் விலங்குகளும் மனிதரும். 7ஆம் நாள் ஓய்வு. "நல்லது" என்ற மதிப்பீடு மொத்தம் ஏழு முறை வருகிறது. எபிரேய மூலத்தில் அது 2ஆம் நாளில் இல்லை, 3ஆம் நாளில் இரண்டு முறை. நீரைப் பிரிக்கும் வேலை 3ஆம் நாளில்தான் முடிகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் பழைய விளக்கம்.

இங்கே பரவலான ஒரு தவறான கருத்தையும் திருத்த வேண்டும். "எபிரேயக் கதையில் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகம் வந்தது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாம் வசனத்தில் ஒழுங்கற்ற பூமி இருக்கிறது, இருள் இருக்கிறது, ஆழ்நீர் இருக்கிறது. ஒளி உண்டாகும்படி கடவுள் சொல்வது அதற்குப் பிறகுதான். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தல் என்பது பிற்காலத்தில் யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் வளர்த்தெடுத்த கோட்பாடு. 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷியே முதல் வரியை "கடவுள் படைக்கத் தொடங்கியபோது" என்ற பொருளில் வாசித்தார்.

இரண்டாவது கதையில் கடவுள் பேசிப் படைப்பதைவிடக் கையால் வேலை செய்கிறார். மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்கி, மூக்கில் உயிர்மூச்சை ஊதி, தோட்டம் நட்டு, அதில் அவனை வைக்கிறார். எபிரேயத்தில் மனிதன் 'ஆதாம்', மண் 'அதாமா'. அவன் எதனால் ஆனவன் என்பது பெயரிலேயே இருக்கிறது. சொல்லால் படைத்தாலும் கையால் படைத்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கடவுள் உலகத்தின் உறவினர் அல்லர். அவர் அதைச் செய்கிறார்; அது அவருடைய உடலிலிருந்து வருவதில்லை.

ஜப்பானியக் கதை: முளைத்தல், கலக்குதல், பிறத்தல்

கோஜிகியின் தொடக்கத்தில் வானத்தையும் பூமியையும் யாரும் உண்டாக்குவதில்லை. அவை தோன்றியபோது தகாமகஹாரா என்ற மேலுலகச் சமவெளியில் மூன்று தெய்வங்கள் "ஆகின": அமெனோமினகநுஷி, தகமிமுசுபி, கமிமுசுபி. பின் இரண்டு பெயர்களிலும் உள்ள 'முசுபி' விளைவிக்கும் ஆற்றலைக் குறிப்பது. தோன்றியவர்கள் எதுவும் செய்யாமல் மறைந்துவிடுகிறார்கள்.

அப்போது நிலம் இன்னும் கெட்டிப்படவில்லை. மிதக்கும் எண்ணெய் போல, ஜெல்லி மீன் போல அலைந்துகொண்டிருந்தது என்கிறது நூல். அந்தக் குழம்பிலிருந்து நாணல் குருத்துப் போல ஒன்று முளைக்கிறது. அதிலிருந்து மேலும் இரண்டு தெய்வங்கள். இந்த ஐவருக்குப் பிறகு ஏழு தலைமுறைத் தெய்வங்கள் வருகின்றன: முதல் இரண்டு தனித் தெய்வங்கள், பிறகு ஐந்து இணைகள். கடைசி இணைதான் இஸநாகி என்ற ஆணும் இஸநாமி என்ற பெண்ணும். மூன்று, ஐந்து, ஏழு என்ற இந்த எண் ஒழுங்கில் சீன எண் மரபின் தடம் தெரிகிறது.

இந்தக் கடைசி இணைக்கு மற்ற வானகத் தெய்வங்கள் ஒரு வேலை கொடுக்கிறார்கள்: அலையும் நிலத்தைச் சீராக்கிக் கெட்டிப்படுத்துங்கள். மணிகள் பதித்த ஈட்டி ஒன்றும் தருகிறார்கள். இருவரும் வானத்தின் மிதக்கும் பாலத்தில் நின்று, ஈட்டியைக் கீழே இறக்கி உப்புநீரைக் கலக்குகிறார்கள். "கொவொரோ கொவொரோ" என்ற ஒலியோடு கலக்கியதாக மூலத்திலேயே இருக்கிறது. வாய்மொழி மரபின் சுவடு இன்னும் உலராத இடம் இது. ஈட்டியை உயர்த்தும்போது நுனியிலிருந்து சொட்டிய உப்பு குவிந்து ஓனோகோரோ என்ற தீவாகிறது.

அத்தீவில் இறங்கி ஒரு தூணை நாட்டி, பெரிய மாளிகை ஒன்றை அமைக்கிறார்கள். தூணை அவன் இடப்புறமாகவும் அவள் வலப்புறமாகவும் சுற்றிவந்து சந்தித்து, ஒருவரையொருவர் புகழ்ந்து, கூடுகிறார்கள். முதல் முயற்சி பிழைபட்டு, இரண்டாம் முறை சரியாகச் செய்தபின் தீவுகள் பிறக்கின்றன: அவாஜி, ஷிகோகு, ஓகி, கியூஷூ, இகி, சுஷிமா, சாடோ, கடைசியாக ஹோன்ஷூ. இந்த எட்டையும் சேர்த்தே ஜப்பானுக்கு "எட்டுப் பெருந்தீவு நாடு" என்று பெயர். பிறகு மேலும் ஆறு சிறு தீவுகள். அவற்றுக்குப் பின் கடல், காற்று, மரம், மலை என்று தெய்வங்கள். 14 தீவுகள், 35 தெய்வங்கள் என்று கோஜிகியே கணக்கு சொல்கிறது.

நிலம் இங்கே சக பிறப்பு. அவாஜித் தீவும் காற்றுத் தெய்வமும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். எபிரேயக் கதையில் கடலும் தரையும் கடவுளின் வேலைப்பாடுகள். அவற்றை வணங்குவது தவறு என்பது அம்மரபின் அடித்தளம். ஜப்பானிய மரபில் மலையையும் அருவியையும் 'காமி' என்று போற்றுவதன் வேர் இந்தக் குடும்ப உறவில் இருக்கிறது. (காமி என்பது நாம் 'கடவுள்' என்று சொல்லும் அளவுக்கு எல்லாம் வல்லது அல்ல; போற்றுதலுக்கும் அச்சத்துக்கும் உரிய எந்த ஆற்றலையும் குறிக்கும்.)

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எபிரேயக் கதையில் உலகுக்கு வெளியே இருக்கும் ஒருவர் சொல்லியும் பிரித்தும் பிசைந்தும் உலகைச் செய்கிறார். ஜப்பானியக் கதையில் முதலில் தெய்வங்கள் தாமாகத் தோன்றுகின்றன, பிறகு உலகம் அவற்றுக்குப் பிறக்கிறது. இரண்டிலும் தொடக்கத்தில் உருவமற்ற நீர் இருக்கிறது. ஆனால் ஒன்றில் அது கட்டளைக்குப் பணியும் பொருள், மற்றதில் உயிர் முளைக்கும் சேறு.

பெண் முதலில் பேசியதும் பெண் கனியைத் தின்றதும்

தூண் சடங்கின் முதல் முயற்சியில் இஸநாமி முந்திக்கொண்டு "எவ்வளவு அழகிய ஆண்மகன்!" என்கிறாள். அதன் பிறகு பிறந்த ஹிருகோ என்ற குழந்தையின் பெயருக்கு அட்டைக் குழந்தை, அதாவது அட்டைப்பூச்சி போன்ற குழந்தை, என்று பொருள். அதை நாணல் படகில் வைத்து மிதக்கவிடுகிறார்கள். அடுத்துப் பிறந்த அவாஷிமாவும் பிள்ளைக் கணக்கில் சேரவில்லை. ஏன் இப்படி என்று கேட்க வானுக்குச் செல்கிறார்கள். வானகத் தெய்வங்கள் குறி பார்த்து, பெண் முதலில் பேசியதால்தான் என்கிறார்கள்.

இதை ஏவாளின் கதையோடு சேர்த்துக் கட்டுவது மிகப் பரவலான ஒப்பீடு. இரண்டிலும் பெண் மீது பழி விழுகிறது என்பது உண்மை. ஆணாதிக்கச் சமூகங்கள் இரண்டும் தம் ஒழுங்கை ஆதிகாலத்தில் ஏற்றிவைத்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிழையின் இயல்பு வேறு. இஸநாமி எந்தக் கட்டளையையும் மீறவில்லை. "நீ முதலில் பேசாதே" என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நடந்தது சடங்கு முறையில் ஒரு பிசகு. தீர்வும் சடங்குதான்: திரும்பிப் போய், மறுபடி சுற்றி, சரியான வரிசையில் பேசினால் போதும். சாபம் இல்லை, துரத்தல் இல்லை.

ஆதாமும் ஏவாளும் இருந்த ஏதேன் தோட்டத்தில் நடப்பது, குறிப்பிட்ட ஒரு மரத்தின் கனியை உண்ணாதே என்ற தெளிவான கட்டளையின் மீறல். அந்தக் கட்டளை ஆதாமிடம் சொல்லப்பட்டபோது பெண் இன்னும் படைக்கப்படவில்லை (2:17 கட்டளை, 2:22 பெண்). மீறலுக்குப் பின் விசாரணை உண்டு, பாம்பு, பெண், ஆண் மூவருக்கும் தனித்தனித் தீர்ப்பு உண்டு, வெளியேற்றம் உண்டு, திரும்பிச் செல்லும் வழிக்குக் காவலும் உண்டு. அங்கே மறுமுயற்சிக்கு இடமில்லை. கூடவே சில பிற்சேர்க்கைகளையும் கழித்துப் பாருங்கள்: கனி ஆப்பிள் என்று நூலில் இல்லை, பாம்பு சாத்தான் என்று நூலில் இல்லை, 'பாவம்' என்ற சொல்லே நான்காம் அதிகாரத்தில் காயீனின் கதையில்தான் முதலில் வருகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வானகத் தெய்வங்கள்கூடக் குறி பார்த்துத்தான் விடை சொல்கிறார்கள். பண்டைய ஜப்பானில் மான் எலும்பைச் சுட்டு வெடிப்பின் வடிவத்தைப் படிப்பது குறி பார்க்கும் முறை. ஆக, தெய்வங்களுக்கும் மேலே அவர்களும் தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஒழுங்கு இருக்கிறது. எலோஹிம் யாரிடமும் கேட்பதில்லை. இரண்டு மரபுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

நிஹோன் ஷோகியின் முதன்மை வடிவத்தில் இந்த நிகழ்ச்சி இன்னும் சிறியது. பெண் முதலில் பேசியதும் ஆண் அதிருப்தி அடைகிறான். உடனே மறுபடி சுற்றுகிறார்கள். வானுக்குப் போவதும் இல்லை, அப்போது அட்டைக் குழந்தை பிறப்பதும் இல்லை.

சாவு எப்படி வந்தது

தெய்வங்களைப் பெற்றுக்கொண்டிருந்த இஸநாமி, கடைசியில் நெருப்புத் தெய்வமான ககுத்சுச்சியைப் பெறும்போது தீப்பட்டு இறக்கிறாள். சாகும் தறுவாயிலும் படைப்பு நிற்பதில்லை: அவள் வாந்தியிலிருந்து சுரங்கத் தெய்வங்கள், மலத்திலிருந்து களிமண் தெய்வங்கள், சிறுநீரிலிருந்து நீர்த் தெய்வம். இஸநாகியின் கண்ணீரிலிருந்து ஒரு தெய்வம்; கோபத்தில் அவன் நெருப்புத் தெய்வத்தை வெட்ட, வாளில் வழிந்த இரத்தத்திலிருந்து மேலும் தெய்வங்கள். முகம் சுளிக்க வைக்கும் பகுதி என்று சுருக்க நூல்கள் இதை விட்டுவிடுகின்றன. விட்டால் கதையின் இயக்கமே புரியாது. உடலிலிருந்து வரும் எதுவும் இங்கே விளைநிலம்.

மனைவியைத் தேடி இஸநாகி யோமி என்ற இறந்தோர் உலகுக்குப் போகிறான். அவள் ஏற்கெனவே அங்கே சமைத்த உணவை உண்டுவிட்டாள். ஆனாலும் அங்குள்ள தெய்வங்களிடம் பேசிப் பார்ப்பதாகவும், அதுவரை தன்னைப் பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறாள். காத்திருக்க முடியாமல் அவன் தன் சீப்பின் ஒரு பல்லை ஒடித்துக் கொளுத்திப் பார்க்கிறான். புழு நெளியும் பிணம், அதில் எட்டு இடித் தெய்வங்கள். அவன் ஓட, யோமியின் படை துரத்துகிறது. எல்லைச் சரிவின் அடியில் மூன்று பீச் கனிகளை வீசித் தப்புகிறான். கடைசியில் அவளே வருகிறாள். ஆயிரம் பேர் இழுத்தால்தான் அசையும் பாறையால் அவன் வழியை அடைக்கிறான். பாறையின் இருபுறமும் நின்று பேசுகிறார்கள். "உன் நாட்டில் நாளுக்கு ஆயிரம் பேரைக் கொல்வேன்" என்கிறாள். "நான் நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேறுகால வீடுகள் எழுப்புவேன்" என்கிறான். கணக்கு தெளிவு: சாவு உண்டு, ஆனால் தினமும் 500 பேர் மிச்சம்.

ஆதியாகமத்தில் மரணம் கட்டளை மீறலோடு இணைக்கப்படுகிறது. "மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்பது தீர்ப்பின் பகுதி. கோஜிகியில் மரணம் யாருக்கும் தண்டனை அல்ல. பேறுகால விபத்தில் தொடங்கி, கணவன் மனைவி பிரிவில் முடியும் ஒன்று. அதன் பிறகு இஸநாகி கவலைப்படுவது குற்றத்தைப் பற்றி அல்ல, தீட்டைப் பற்றி. ஆற்றுமுகத்தில் இறங்கிக் குளிக்கிறான். 'மிசோகி' எனப்படும் நீர்த் தூய்மைச் சடங்குக்கு இதுவே முன்மாதிரி. அந்தக் குளியலில்தான் மிக முக்கியமான பிறப்புகள் நடக்கின்றன.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. நிஹோன் ஷோகியின் முதன்மை வடிவத்தில் இஸநாமி இறப்பதே இல்லை. யோமிப் பயணம் அங்கே மாற்று வடிவங்களில் மட்டும்தான்.

சூரியனும் அரியணையும்

குளிக்கும்போது இஸநாகி இடக்கண்ணைக் கழுவ அமதெராசு என்ற சூரிய தேவி தோன்றுகிறாள். வலக்கண்ணிலிருந்து நிலாத் தெய்வம் சுகுயோமி, மூக்கிலிருந்து புயல் தெய்வம் சுசநோஓ. அமதெராசுவின் பேரன் நினிகி வானிலிருந்து பூமிக்கு இறங்குகிறான். அவன் வழியில் வந்தவர் முதல் பேரரசர் ஜிம்மு. முதல் பாகம் முழுவதும் இந்த ஒரு கோட்டை நோக்கித்தான் நகர்கிறது.

இது தற்செயல் அல்ல. 672இல் அரியணைக்கான உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்தவர் பேரரசர் தென்மு. பல குடும்பங்களிடம் உள்ள மரபுப் பட்டியல்களில் பிழைகள் மலிந்துவிட்டன, திருத்திச் சரியானதைப் பின்வருவோருக்குத் தர வேண்டும் என்று அவர் ஆணையிட்டதாகக் கோஜிகியின் முன்னுரை சொல்கிறது. ஆகவே இந்த நூலின் மையக் கேள்வி "உலகம் எப்படி வந்தது" என்பதைவிட "ஆளும் உரிமை யாருக்கு" என்பதுதான்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் சூரியன் வருவதே 4ஆம் நாள்தான். ஒளி அதற்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. சூரியனுக்கும் நிலவுக்கும் பெயர்கூட வைக்கவில்லை: "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்றுதான் இருக்கிறது. சூரியனும் நிலவும் பெருந்தெய்வங்களாக வணங்கப்பட்ட பாபிலோனின் நிழலில் வாழ்ந்தவர்கள், அவற்றை நாள் கணக்குக்கான விளக்குகளாக்கினார்கள். ஒரு கதையில் சூரியன் அரச குடும்பத்தின் பாட்டி. மற்றதில் பெயரில்லாத விளக்கு.

ஆதியாகமக் கதை எதை நிறுவுகிறது? அரியணையை அல்ல, ஏழாம் நாள் ஓய்வை. இரண்டு கதைகளும் நாட்காட்டியில் இன்றும் உள்ளன. யூதரின் வாரந்திர ஓய்வுநாள் ஒருபுறம். மறுபுறம், நிஹோன் ஷோகியின் கணக்குப்படி கி.மு. 660இல் ஜிம்மு முடிசூடியதாகச் சொல்லப்படும் நாளை வைத்துக் கணித்த பிப்ரவரி 11. 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி அரசு அதை விழாவாக்கியது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீக்கப்பட்டது, 1967 முதல் நாடு நிறுவப்பட்ட நாளாக மீண்டும் கொண்டாடப்படுகிறது.

மனிதர் எங்கே?

ஆதியாகமத்தின் இரண்டு கதைகளிலும் மனிதப் படைப்புக்குத் தனி இடம் உண்டு. கோஜிகியில் மனிதர் படைக்கப்படும் காட்சியே இல்லை. தப்பி ஓடும் இஸநாகி, தன்னைக் காத்த பீச் கனிகளிடம், என்னைக் காத்தது போல நாணல்வெளி நாட்டில் வாழும் "பசும் மனிதப் புல்" துன்பப்படும்போதும் காப்பாயாக என்கிறான். மனிதர் திடீரென்று, ஏற்கெனவே முளைத்திருக்கும் புல்லாக, ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகிறார்கள். படைப்பின் முடிமணி மனிதன் என்ற எண்ணத்தோடு கோஜிகியைத் திறப்பவர்கள் தேடித் தேடிக் களைப்பது இதனால்தான்.

ஒற்றுமை இருந்தால் தொடர்பு இருந்ததா?

1870களில் ஜப்பானில் இருந்த மெக்லியோட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஜப்பானியர் இஸ்ரேலின் தொலைந்துபோன குலத்தார் என்று எழுதினார். அந்தக் கருத்து இன்றும் புதுப் புது வடிவில் சுற்றுகிறது. படைப்புக் கதைகளின் ஒற்றுமை அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. மொழியியலோ தொல்லியலோ இதை ஆதரிக்கவில்லை.

தொடர்பு என்று சொல்ல மூன்று வேண்டும்: ஒத்துப்போகும் பகுதி குறிப்பானதாக இருக்க வேண்டும், காலம் பொருந்த வேண்டும், கை மாறிய வழி தெரிய வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் இரண்டு நூல்களின் உண்மையான உறவினர்களும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். நிஹோன் ஷோகியின் தொடக்கத்தில் வானும் பூமியும் பிரியாமல் முட்டை போல இருந்த நிலை, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ஹுவாய்நான்ஸி உள்ளிட்ட சீன நூல்களின் சொற்களைக் கொண்டே எழுதப்பட்டது. கண்களிலிருந்து சூரியனும் நிலவும் தோன்றுவது, பான்கு என்ற ஆதி மனிதனின் உடலிலிருந்து உலகம் உருவாகும் சீனக் கதையில் உண்டு. ஜப்பானிய அரசவையினர் சீன நூல்களைப் படித்தவர்கள் என்பதில் கேள்வியே இல்லை.

அதுபோலவே ஆதியாகமத்துக்குப் பாபிலோன். எனுமா எலிஷ் என்ற ஏழு களிமண் பலகைக் காவியத்தில் ஆதிக் கடல்தேவி தியாமத்தைப் பாபிலோனியத் தெய்வம் மர்துக் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். ஆதியாகமத்தில் வரும் ஆழ்நீருக்கு உரிய 'தெஹோம்' என்ற சொல் தியாமத் என்ற பெயரோடு ஒரே வேர் கொண்டது. நேரடியாக எடுத்தாண்டார்களா என்பது விவாதம், ஆனால் கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்ததை ஒட்டி யூதாவின் மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், அந்தக் கதைகளின் நடுவில் வாழ்ந்தார்கள் என்பது வரலாறு. போரும் தெய்வ வம்சாவளியும் நிறைந்த அந்தக் காவியத்தின் பக்கத்தில் வைத்தால், எதிரியே இல்லாத, பிறப்பே இல்லாத, அமைதியாகப் பேசும் ஆதியாகமக் கடவுள் எவ்வளவு துணிந்த மாற்றம் என்பது விளங்கும். தலைமுறை தலைமுறையாகத் தெய்வ இணைகள் வரும் அமைப்பில் எனுமா எலிஷ் தன் அண்டை எபிரேயத்தைவிடத் தொலைதூரக் கோஜிகியை ஒத்திருக்கிறது. அதனால் பாபிலோனியர் ஜப்பானுக்கு வந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

நேரில் வாசிக்க விரும்பினால்

ஆதியாகமம் முதல் மூன்று அதிகாரங்கள் மொத்தம் 80 வசனங்கள்தான். 2:4இன் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, இரண்டு கதைகளையும் வெவ்வேறு நாட்களில் வாசித்தால் வேறுபாடு தானே தெரியும். கோஜிகியில் முன்னுரையை விட்டுவிடாமல் படித்து, முதல் பாகத்தின் தொடக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகள் தோன்றும் குளியல் வரை போனால் இந்தக் கட்டுரையில் உள்ள ஜப்பானியப் பகுதி ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். பிறகு அதே இடங்களை நிஹோன் ஷோகியில் மாற்று வடிவங்களோடு ஒப்பிடலாம்.

கோஜிகியை ஆங்கிலத்தில் படிப்பவர்கள் பதிப்பைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1882ஆம் ஆண்டுச் சேம்பர்லின் மொழிபெயர்ப்பு. உழைப்பில் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் விக்டோரியக் காலக் கூச்சத்தால், உடலும் கூடலும் வரும் இடங்களை அவர் ஆங்கிலத்துக்குப் பதில் லத்தீனில் எழுதிவிட்டார். அதாவது உலகம் பிறக்கும் அந்தப் பகுதியே வாசகருக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. 1968இல் வந்த டொனால்ட் ஃபிலிப்பியின் மொழிபெயர்ப்பில் அந்தத் தடை இல்லை. பெயர்களுக்கு விரிவான விளக்கமும் உண்டு.